பக்கத்துக் கோட்டை

என் மச்சான், அதாவது என் வீட்டுக்காரர், வளைகுடாவுக்குப் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. லீவு கேட்டுக் கேட்டு அவருக்கு அலுத்துவிட்டது. எப்போது வருவீர்கள் என்று கேட்டுக் கேட்டு எனக்கும் அலுத்துவிட்டது. அப்போதுதான் அந்தக் கோட்டை விளையாட்டைச் சொன்னார். பழைய காலத்து ராஜாக்கள், படை, முற்றுகை. அவர் அங்கே செல்போனில், நான் மீமிசலில் அவர் விட்டுப்போன லேப்டாப்பில். புதிதாகச் சேருகிறவர் ஒரே ஒரு தடவை தனக்கு வேண்டிய இடத்தில் கோட்டை கட்டிக்கொள்ளலாமாம். அவருடையதை ஒட்டி என்னுடையதை வைத்தேன். மேப்பில் இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது, சிரிக்காதீர்கள், எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"கோட்டை விழுந்துச்சுன்னா எங்கயாச்சும் ஒரு மூலையில தூக்கிப் போட்ருவான் புள்ள. அப்பறம் பக்கத்துல வர முடியாது," என்றார். முதல் ஏழு நாள் நம்மை யாரும் தாக்க முடியாது. அதற்குள் மதிலை உயர்த்த வேண்டும், தானியம் சேர்க்க வேண்டும். தானியம் தீர்ந்தால் படைவீரர்கள் கிளம்பிப் போய்விடுவார்கள். "யார்கிட்டயும் வம்பு வச்சுக்காத," என்றும் சொல்லியிருந்தார்.

வம்பு வேண்டாமென்றால் என்ன செய்வது? எங்கள் தெருவில் புதிதாகக் குடிவந்தால் நாலு வீட்டுக்கு ஏதாவது கொடுத்தனுப்புவோம். வாங்கிய வீடும் பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தராது. அந்த நினைப்பில், ஆறாம் நாள் மச்சானுடையது போக, சுற்றியிருந்த ஐந்து கோட்டைகளுக்கும் வண்டி வண்டியாகக் கோதுமை அனுப்பினேன். ஒருத்தன் பதிலுக்குச் சிரிக்கிற பொம்மை ஒன்றைப் போட்டான். அட, நல்ல மனுசர்கள் என்று நினைத்தேன். என் புத்தியை என்ன சொல்ல!

எட்டாம் நாள் மத்தியானம் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது லேப்டாப்பில் கொம்பு ஊதியது. ஈரக்கையோடு ஓடினேன். கோதுமை வாங்கிய ஐந்து பேரும் படையோடு வந்துகொண்டிருந்தார்கள். என் களஞ்சியத்தில் பிடி தானியம் இல்லை. பாதி வீரர்கள் காலையிலேயே போய்விட்டிருந்தார்கள். மச்சான் படை அனுப்பினால் இரண்டே நிமிஷம், ஒட்டிய கோட்டைதானே. ஃபோன் போட்டேன். வேலை நேரத்தில் செல்லை வாங்கி வைத்துவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் போட்டுக்கொண்டே இருந்தேன். "நாசமாப் போறவனுங்களா, வாங்கித் தின்னுட்டுத்தானடா வாரீங்க!" என்று திரையைப் பார்த்துக் கத்தினேன். எந்தப் பொத்தானை அழுத்தியும் ஒன்றும் ஆகவில்லை. மதில் சரிந்தது.

சாயங்காலம் அவரே கூப்பிட்டார். நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். மேப்பில் தேடிப் பார்த்துவிட்டு, "அங்கிட்டு வடக்கு ஓரத்துல கெடக்க. என் படை வந்து சேர ஒம்போது நாளாகும்," என்றார்.

"வெளையாட்டுத்தான, விடுங்க மச்சான்," என்றேன்.

"வெளையாட்டுலயாச்சும் ஒன்னையப் பக்கத்துல வச்சுக்கலாம்னு பாத்தேன் புள்ள."

சொல்லும்போதே அழுதுவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அழுது நான் கேட்டதில்லை. கண்ணைத் துடைத்துவிடக்கூட முடியாமல், ஃபோனைக் காதோடு அழுத்திப் பிடித்தபடி கேட்டுக்கொண்டே நின்றேன்.