சார்ஜனின் பால் டின்

ராக்கம்மாவுக்கு வாய் நீளம் என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். வேலை வாங்கும் மண்டோரையே நிற்க வைத்துக் கேள்வி கேட்பாள். அப்படிப்பட்டவள் ஒரு வாரம் வாயைத் திறக்காமல் இருந்தாள் என்றால், விஷயம் அவ்வளவு பெரியது.

புக்கிட் பெலண்டோக் பக்கத்து ரப்பர் தோட்டம் அது. அவசரகாலம் பிறந்ததும் சனம் குடியிருக்கும் லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டு, வாசலில் காவலும் வைத்துவிட்டார்கள். காட்டுக்குள் ஒளிந்து வெள்ளைக்காரனோடு சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாதாம். அதனால் ரப்பர் மரத்தைச் சீவிப் பால் வெட்டப் போகிற சனம் ஒரு வாய் உணவைக்கூட வேலிக்கு வெளியே கொண்டுபோக முடியாது. எவனோ காட்டில் இருப்பதற்கு எவள் புருஷனோ பட்டினி கிடந்தான்.

அவள் புருஷன் சன்னாசி வாட்டசாட்டமான ஆள். சில மாதங்களாக வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தே நடந்தான். உடம்பும் துரும்பாகிவிட்டது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெஸருக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"சிரம்பான் டவுன்ல துரைசிங்கம்னு ஒரு டாக்டர் இந்த மாதிரி ஆளுங்களத்தான் ஆராய்ச்சி பண்றாரு. மொதல்ல மூத்திரத்தக் கொண்டுபோய்க் காட்டு" என்றார்.

ராக்கம்மா ஒரு பிராந்திப் போத்தலைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, வெந்நீர் ஊற்றிக் கழுவி, அதில் பிடித்து எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வாசலில் காவல்காரன் முனியாண்டி மறித்தான்.

"போத்தல்ல என்னக்கா?"

"எம் புருஷன் மூத்திரம்."

"எல்லாரும் இப்படித்தான் ஏதாச்சும் சொல்றாங்க. எதையும் ஊத்திப் பாக்காம விடாதேன்னு சார்ஜன் உத்தரவு."

ஆணியில் ஒரு பால் டின் தொங்கியது. காவலுக்குத் தலைவரான சார்ஜன் அர்ச்சுனன் காலையில் கோப்பி குடித்துவிட்டு மாட்டிய டின். முனியாண்டி அதில் ஊற்றினான், மோந்து பார்த்தான், முகம் கோணிப்போனது. மறுபடி போத்தலில் ஊற்றிக் கொடுத்துவிட்டு, டின்னைச் சட்டை நுனியால் துடைத்து ஆணியில் மாட்டினான். ராக்கம்மா அவனுடைய ஏழு தலைமுறையையும் ஏசிவிட்டுப் பஸ் ஏறினாள்.

டாக்டர் துரைசிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர். தின்கிற சோற்றை உடம்பு எப்படிச் சர்க்கரையாக்கிச் செலவழிக்கிறது, கணையத்தில் புற்று வளர்ந்தால் அந்தச் செலவு எப்படித் தாறுமாறாகிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. ஆளும் மெலிந்து, வயிறும் வலித்து, சிறுநீரில் சர்க்கரையும் புதிதாகக் கண்டால் கணையத்தைச் சந்தேகப்படு என்பார். கண்ணாடிக் குழாயில் நீல மருந்தோடு சில சொட்டு விட்டுக் கொதிக்க வைத்தார். நீலம் செங்கல் நிறமானது; சர்க்கரை ஏராளம். அவர் முகமும் மாறியது.

"ஆளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ அம்மா. கணையத்தில கட்டி இருக்குமோ எண்டு பயமாக் கிடக்கு."

அந்த ஒரு வாரம் அவள் சன்னாசியிடம் எதையும் சொல்லவில்லை. அவனுக்குச் சோறு போட்டுவிட்டு, அடுப்பு ஊதுகிற சாக்கில் அழுதாள்.

"புள்ள, நீ ஏசாம இருந்தாத்தான் எனக்குப் பயமா இருக்கு. என்னா வியாதின்னு சொல்லிடு" என்றான் சன்னாசி. அவள் இன்னொரு விறகை அடுப்புக்குள் தள்ளினாள்.

அடுத்த வாரம் சன்னாசியை அங்கேயே சிறுநீர் கொடுக்கச் சொன்னார் டாக்டர். குழாய் கொதித்தது. நீலம் நீலமாகவே இருந்தது. இன்னொரு குழாயிலும் அப்படியே.

"இவ்வளவு சர்க்கரை எங்க போச்சுது? போத்தலை வடிவாக் கழுவினீங்களோ?"

ராக்கம்மாவுக்கு ஒரு வாரத்து வாய் திரும்பியது. "சாம்பல் போட்டுக் கழுவினேன் ஐயா. உங்க வீட்டுச் சட்டிகூட அவ்வளவு சுத்தமா இருக்காது. அந்தக் கடங்காரப் பய முனியாண்டிதான் கோப்பி டின்ல ஊத்தி..." என்றவள் அப்படியே நின்றாள்.

"பால் விட்ட கோப்பியோ?"

"கட்டிப் பால் ஐயா. டின் அடியில எப்பவும் ஒட்டிக் கெடக்கும்."

டாக்டர் நாற்காலியில் சாய்ந்து பெருமூச்சு விட்டார். "அப்ப நான் கண்டது பால் டின்னிட சர்க்கரை. என்ர ஆராய்ச்சியில ஒரு ஆள் குறையுது. நல்லாக் குறையட்டும்."

பிறகு சன்னாசி எப்போது சாப்பிடுவான் என்று கேட்டார். விடியுமுன் ஒருதரம், வேலை முடிந்து வந்து ஒருதரம், நடுவில் வேலி. வயிற்றைப் படம் எடுத்துப் பார்த்ததில் புண்தான் இருந்தது. வெள்ளை மருந்து கொடுத்து, வேளைக்குச் சாப்பிட்டால் ஆறிவிடும் என்றார். சன்னாசியை வேலிக்கு உள்ளே ரப்பர் ஸ்டோர் வேலைக்கு மாற்றும்படி தோட்டத்துக்கு ஆள் விட்டும் சொன்னார்.

சாயங்காலம் இருவரும் பஸ்ஸிலிருந்து இறங்கினார்கள். முனியாண்டியைக் கிழித்துத் தோரணம் கட்டுவதென்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள் ராக்கம்மா. வாசலில் சார்ஜன் அர்ச்சுனன் உட்கார்ந்து, அதே டின்னில் கோப்பியை ரசித்து உறிஞ்சிக்கொண்டிருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் நின்ற முனியாண்டி, சொல்லிடாதக்கா என்று வாயை மட்டும் அசைத்துக் கையெடுத்துக் கும்பிட்டான்.

ராக்கம்மாவுக்குச் சிரிப்பு வெடித்தது. வாரமெல்லாம் அடக்கி வைத்த அழுகை அத்தனையும் சிரிப்பாக வந்தது. கண்ணில் நீர் கொட்ட, சன்னாசியின் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"என்ன சிரிப்பு?" என்றார் சார்ஜன்.

"ஒண்ணுமில்லீங்க. எம் புருஷன் பொழச்சிட்டாரு."

"அப்படியா, நல்லது" என்று சொல்லி, சார்ஜன் இன்னொரு மடக்கு குடித்தார்.