தொண்ணூற்றொன்பதில் நின்ற கோடு

"அண்ணே, நீங்க போட்ட கோடு பொய் சொல்லுது." தொலைபேசியில் அந்தத் தங்கை இதைச் சொன்ன விதம் இன்னும் என் காதில் இருக்கிறது. குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லித் தப்பித்திருப்பேன். அவள் எனக்கு உறவில்லை. பாடாங் செராயில் ஒரு சிறிய கிளினிக்கில் கிளார்க்காக இருந்தவள். என்னைவிட ஏழெட்டு வயது இளையவள். நான் சுங்கை பட்டாணியில் இருந்துகொண்டு அந்தக் கிளினிக்கின் கணினிகளுக்கு நிரல் எழுதிக் கொடுத்து வந்தேன். முதல் நாளே அண்ணே என்று கூப்பிட்டாள். அப்படியே நிலைத்துவிட்டது.

பினாங்கு மருத்துவமனையில் எடுக்கும் ஸ்கேன் படங்களை இணையம் வழியாக இறக்கி டாக்டரின் திரையில் காட்டுவதுதான் நிரலின் வேலை. படங்கள் பெரியவை; சில சமயம் அரை மணி நேரம் ஆகும். முதலில் நான் எழுதிக் கொடுத்ததில் பொத்தானை அழுத்தினால் திரை அப்படியே உறைந்துவிடும். செத்துவிட்டதோ என்று அவள் மூடிவிட்டு மறுபடி தொடங்குவாள். கோப்பும் மறுபடி முதலிலிருந்து வரும். "வருதா வரலையான்னு ஏதாச்சும் காட்டுங்கண்ணே. வெளிய உக்காந்திருக்கிறவங்க என்னையத்தான் கேக்குறாங்க" என்றாள். எனக்கு அந்த வாரம் வேறு வேலைகள் இருந்தன. அரை மணி நேரத்தில் ஒரு பச்சைக் கோட்டைப் போட்டுக் கொடுத்தேன். அது கோப்பைப் பார்த்து நகரவில்லை. கடிகாரத்தைப் பார்த்து நகர்ந்தது. மெல்ல ஊர்ந்து தொண்ணூற்றொன்பது விழுக்காட்டில் நின்றுகொள்ளும். கோப்பு வந்து சேர்ந்ததும் நூறைக் காட்டும். "இப்பத்தான் லா நிம்மதி" என்றாள். நானும் அதை மறந்துபோனேன்.

சில மாதம் கழித்து ஒரு நாள், கோலா கெத்தில் என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றிலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். மார்பில் கட்டி. பல மாதம் யாரிடமும் சொல்லாமல் இருந்தவரை மகள்தான் வற்புறுத்தி ஸ்கேன் எடுக்க வைத்திருந்தாள். அன்றைக்குப் படத்தைப் பார்த்து டாக்டர் முடிவு சொல்ல வேண்டும். கோடு தொண்ணூற்றொன்பதுக்கு வந்து நின்றது. அதை நம்பி அந்தத் தங்கையும் நாலைந்து முறை வெளியே போய், "முடியப் போகுதும்மா, இன்னும் கொஞ்சந்தான்" என்று சொல்லியிருக்கிறாள். மூன்று மணி நேரம் அப்படியே போயிருக்கிறது. கடைசியில் அந்த அம்மா எழுந்து, "பாக்க வேணாம்னு சாமியே சொல்லுது" என்று மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு கிளினிக்கிலிருந்து கூப்பிட்டால் தொலைபேசியை எடுக்கவே இல்லை.

கிளினிக்கின் இணைய இணைப்பு காலையிலேயே அறுந்திருந்தது மாலையில்தான் தெரிந்தது. சனிக்கிழமை விடுமுறையில் அந்தத் தங்கை மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கே போனாள். வீட்டைக் கேட்டுக் கண்டுபிடித்து, தவறு தன்னுடையது என்று மன்னிப்புக் கேட்டு, திங்கட்கிழமை வரச் சம்மதிக்க வைத்தாள். அதன் பிறகுதான் எனக்குக் கூப்பிட்டாள்.

"லைன் காலையிலயே போயிருச்சு. அப்புறம் எப்படிண்ணே தொண்ணூத்தொம்பது வந்துச்சு?"

உண்மையைச் சொன்னேன். அவள் திட்டவில்லை. "அப்ப நெசமா எவ்வளவு வந்திருக்குன்னு கம்ப்யூட்டருக்கே தெரியாதா?" என்று கேட்டாள். தெரியும் என்றேன். கோப்பு துண்டு துண்டாகத்தான் வருகிறது. ஒவ்வொரு துண்டு வரும்போதும் இவ்வளவு வந்தது, மொத்தம் இவ்வளவு என்று நம் நிரலைக் கூப்பிட்டுச் சொல்லும் வசதி உண்டு. நான்தான் அதைப் பயன்படுத்தவில்லை என்றேன்.

"அது கூப்பிட்டுச் சொல்லுது. நீங்கதான் காது குடுக்கல."

ஞாயிறு முழுவதும் உட்கார்ந்தேன். துண்டு வந்தால் கூப்பிடுவதற்கென்று கால்பேக் எனப்படும் ஒரு சிறு நிரல், முடிந்தால் ஒன்று, தவறினால் ஒன்று என்று எழுதினேன். துண்டுகள் ஆயிரக்கணக்கில் வந்ததால் ஒவ்வொன்றுக்கும் கோட்டைத் திருத்தப் போய்த் திரை திணறியது. நொடிக்கு ஒரு முறை போதும் என்று மாற்றினேன். மொத்த அளவு தெரியாத கோப்புகளுக்கு விழுக்காடே காட்டாமல், வந்து சேர்ந்த அளவை மட்டும் காட்டினேன். அரை நிமிடம் எதுவும் வராவிட்டால் 'இணைப்பு இல்லை' என்று எழுதும். திங்கள் காலையில் நானே நேரில் போய் அதைக் கிளினிக்கில் ஏற்றியதும் அவள் செய்த முதல் வேலை இணையக் கம்பியைப் பிடுங்கியது. கோடு நின்றது. கொஞ்ச நேரத்தில் அந்த எழுத்து வந்தது. "ம், இப்ப சரி" என்று கம்பியைத் திரும்பச் செருகினாள்.

அந்த அம்மா வந்தார். அன்றும் இணைப்பு சரியில்லை. நாற்பத்தொன்றில் கோடு நின்றுவிட்டது. அவள் நேராக அவரிடம் போனாள். "பாதிகூட வரலம்மா. லைன் போயிருச்சு. எப்ப வரும்னு எனக்குத் தெரியாது. போயி பசியாறிட்டு வாங்க, நான் இங்கதான் இருப்பேன்." அவர் எழுந்து போனபோது இனி வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். முக்கால் மணி நேரத்தில் மகளோடு திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். மதியத்துக்கு மேல் படம் வந்து சேர்ந்தது. அந்த மாதமே அறுவை சிகிச்சை நடந்தது.

இப்போதெல்லாம் கோடு வரைவதற்குத் தயாராகவே கருவிகள் கிடைக்கின்றன. என்னோடு வேலை செய்யும் இளைஞர்கள் இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்தத் தங்கைக்கு இந்த ஆண்டு தொடக்கத்தில் பாடாங் செராய் கோயில் மண்டபத்தில் கல்யாணம் நடந்தது. வரிசையில் நின்று வாழ்த்தப் போனபோது எனக்கு முன்னால் அந்த அம்மா நின்றிருந்தார். சற்று இளைத்திருந்தாலும் நன்றாக இருந்தார். "இவருதான் அந்தக் கோடு போட்ட அண்ணன்" என்று மணப்பெண் என்னைக் காட்டினாள். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. முதலில் போட்டது பொய்க் கோடு என்று அவரிடமே சொல்லிவிட்டேன்.

"தெரியும்பா, இந்தப் பொண்ணு சொல்லிச்சு" என்றார் அவர். "வந்துரும் வந்துரும்னு சொல்லையிலதான் பயமா இருந்துச்சு, என்னமோ மறைக்கிறாங்கன்னு. வரலன்னு சொன்னாங்க பாருங்க, அப்புறந்தான் உக்காந்திருக்கத் தெம்பு வந்துச்சு."