மூன்று முள்ளிலும் மூன்று மீன்

ஜூன் 14, சனிக்கிழமை. காலை 4.40க்கு எழுந்தேன். வெறுந்தேநீர், டயறியில் இரண்டு வரி, சைக்கிளுக்குக் காற்று. 5.50க்கு மயிலிட்டிக் கரை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை கந்தோர் வேலையை மறந்து, பள்ளித் தோழன் யோகனின் ஃபைபர் படகில் தூண்டில் போடப் போவேன். இந்தப் பத்தியை வாசிக்கிறவர்களுக்கு இது தெரியும். என் நாற்பது வருட டயறிகளையும் தெரியும்!

7.20க்கு எஞ்சின் நின்றது.

யோகன் பிளக்கைக் கழற்றித் துடைத்தான். கயிற்றை இழுத்தான். மறுபடி இழுத்தான்... ம்ஹூம். சோளகக் காற்று முதுகில் கை வைத்துத் தள்ளுவதுபோலப் படகை வெளிக்கடலுக்குத் தள்ளியது. நங்கூரம் போட்டோம். அது மணலில் உழுதுகொண்டு கூடவே வந்தது.

போனில் யோகனின் தம்பி ரூபன் கிடைத்தான். "ஒன்றரை மணித்தியாலம் ஆகும் அண்ணை. அசையாமல் நில்லுங்கோ!"

"இவர் சொல்லிட்டார்... கடலிட்டைச் சொல்லடா அதை," என்றான் யோகன். பிறகு என் பக்கம் திரும்பினான். சிரிப்பு இல்லை. "இப்பிடியே போனால் இந்திய எல்லை தாண்டிடுவம் மச்சான். அங்காலை பிடிபட்டால் எஞ்சின் நிண்ட கதையை ஆர் நம்புவினம்? நங்கூரம் கொளுவக் கடலடியிலை ஒரு கல் வேணும். இந்தப் பக்கம் எனக்குப் பழக்கமில்லை. உன்ரை கொப்பியிலை ஏதும் கிடக்கோ?"

பையிலிருந்த டயறியில் கிடந்தது. போன மாதம் ரூபனோடு இந்தப் பக்கம் வந்திருந்தேன். மே 17: தேவாலயக் கூரைக்கு நேரே ஒற்றைப் பனை, மேற்கே தண்ணீர்த் தாங்கிக்கு நேரே மடம். மஞ்சளன் 9. கீழே கல்.

மஞ்சளன் என்பது இந்தக் கரையில் நாங்கள் வைத்த பெயர். உள்ளங்கை நீளம், மஞ்சள் உடம்பு, பக்கத்தில் நான்கு நீலக் கோடுகள். முருகைக்கல்லை, அதாவது பவளப்பாறையை, விட்டு நகராத மீன் என்று நினைத்துத்தான் 'கீழே கல்' என்று எழுதியிருந்தேன்.

துடுப்பால் படகைத் திருப்பித் திருப்பி, கரையின் அந்த இரண்டு சோடி அடையாளங்களும் நேர்ப்படும் இடத்துக்கு வந்தோம். கூரை, பனை, தாங்கி, மடம் — எல்லாம் சரி. நங்கூரம் இறங்கியது. இழுபட்டது. மணல்!

"எத்தினை மணிக்குப் பிடிச்சனி?"

"பின்னேரம் ஆறு முப்பத்தைந்து."

யோகன் துடுப்பைக் கீழே போட்டான். "அட விசரா! பகலிலைதான் உதுகள் கல்லோடை கூட்டமாய் நிக்கும். பொழுதுபட்டால் நண்டு, றால் தேடி மணலுக்குப் பிரிஞ்சு போயிடும். நீ எழுதினது வீட்டு விலாசம் இல்லை. சாப்பாட்டுக் கடை!"

சரியான நேரம், சரியான இடம், சரியான எண்ணிக்கை. எங்கே பிழை விட்டேன்? மீன் அங்கே எதற்கு வந்தது என்று மட்டும் கேட்கவில்லை. நாற்பது டயறிகளில் இப்படி எத்தனை சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றனவோ...

"சாப்பிட நடந்து வந்ததெண்டால் வீடு கிட்டத்தான்," என்றான் யோகன். "தூண்டிலைப் போடு. ஒண்டு கடிச்சால் கதையாதை. மூண்டு முள்ளிலும் மூண்டு ஏறினால் கூட்டம், கீழை கல். உடனை கத்து."

8.05. தூண்டிலின் மூன்று முள்ளிலும் இறால் துண்டு குத்தி இறக்கினேன். ஒன்றுமில்லை. கூரை தீப்பெட்டி அளவாகியிருந்தது. 8.12. ஒன்றுமில்லை. தண்ணீரின் நிறம் கறுக்கத் தொடங்கியது. 8.17. ஒரு மீன். கத்தவில்லை. யோகன் இழுத்தெடுத்த நங்கூரத்தை மடியில் வைத்துக்கொண்டு என் விரலையே பார்த்திருந்தான்.

8.21. தூண்டில் நரம்பு ஒருமுறை துடித்தது. உடனே இன்னொரு துடிப்பு. இழுத்தேன் — மூன்று முள், மூன்று மஞ்சள்.

"மூண்டு!"

நங்கூரம் விழுந்தது. கயிறு ஓடியது. ஓடியது... நின்றது. படகு உதறிக்கொண்டு காற்றுக்கு எதிராக மூக்கைத் திருப்பியது. பத்து நிமிடம் பனையையும் கூரையையும் பார்த்தபடி இருந்தேன். இரண்டும் விலகவில்லை.

மூன்று மீனையும் கறிக்கு எடுத்து வைத்தேன். யோகன் பறித்துத் தண்ணீரில் விட்டான். "எங்கடை நங்கூரம் இன்னும் அவையளின்ரை வீட்டுக்கைதான் கிடக்கு. மரியாதையாய் இரு."

9.10க்கு ரூபனின் படகு தெரிந்தது.

மறுநாள் காலை எழுந்ததும், தேநீருக்கு முன், மே 17 பக்கத்தைத் திறந்தேன். 'கல்' என்ற சொல்லை வெட்டிவிட்டு, 'சாப்பாட்டுக் கடை' என்று எழுதினேன்.