வலிக்காத புண்

1934 ஜனவரி 25, வியாழக்கிழமை. வழக்கம்போல் ஐந்து மணிக்கு எழுந்தேன். குளித்து, காபி குடித்து, முதல் வகுப்புக்கான கணக்குகளை ஒருமுறை போட்டுப் பார்த்தேன். பாடம் தொடங்குமுன் டென்னிஸ் மைதானத்தைப் பார்ப்பது என் பொறுப்பு. செம்மண் தரைக்குத் தண்ணீர் தெளித்து உருளை இழுத்திருந்தார்கள். சுண்ணாம்புக் கோடுகள் இன்னும் காயவில்லை. வலை நடுவில் தொய்ந்திருந்தது. இழுத்துக் கட்டச் சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனேன்.

வேலூரில் அந்தக் கல்லூரியில் நான் கணித ஆசிரியன். வேறு யாரும் ஒப்புக்கொள்ளாததால் டென்னிஸும் என் தலையில் விழுந்தது. மாணவர்கள் கட்டும் விளையாட்டுக் கட்டணத்தில் கால்பந்துக்கும் கிரிக்கெட்டுக்கும் போனது போக மிஞ்சுவதுதான் எங்களுக்கு. மேல் ரோமம் உதிர்ந்த பந்துகளில்தான் பயிற்சி. பயிற்சி கொடுத்தவர் ஒரு முஸ்லிம் பெரியவர். துரைமார் கிளப்பில் மார்க்கராக இருந்தவர். அதாவது, துரைகள் ஆடிப் பழகுவதற்காக எதிர்ப்பக்கம் நின்று பந்தைத் திருப்பி அடிக்கும் வேலை.

அணியில் நான்கு பேர், மாற்றாள் ஒருவன். நால்வரில் சிறந்தவன் ஆம்பூர்க்காரன். அவன் அப்பாவுக்குத் தோல் பதனிடும் கிடங்கில் சுண்ணாம்புக் குழி வேலை. சென்னையில் நடக்கும் கல்லூரிகளுக்கிடையிலான போட்டிக்குத் தேர்வாகிறவன் அந்த ஆண்டு கல்லூரிச் சம்பளத்தில் பாதி கட்டினால் போதும் என்பது விதி. பருவத் தேர்வில் தேறாதவனுக்கு அணியில் இடம் கிடையாது. பௌதிகத்தில் தட்டுத் தடுமாறி அவன் தேறியிருந்தான். இனி சனிக்கிழமை சென்னையில் ஆட வேண்டும். ஆடாவிட்டால் மாற்றாள் அந்த இடத்துக்கு வருவான், சலுகையும் அவனுக்குப் போய்விடும். முழுச் சம்பளம் கட்ட அவன் அப்பாவால் முடியாது. படிப்பு அத்தோடு நின்று அவனும் குழியில் இறங்க வேண்டியதுதான்.

பொங்கலுக்கு முன்பே மட்டை உரசி அவன் வலது உள்ளங்கையில் கொப்புளம் கண்டிருந்தது. தோல் கிடங்கில் புதிதாகச் சேர்ந்தவர்கள் கையில் கொப்புளம் வந்தால் ஆவாரம்பட்டை ஊறிய குழித் தண்ணீரில் அமிழ்த்தி வைப்பார்கள், தோல் இறுகிவிடும். விடுமுறைக்கு ஊருக்குப் போனவன் உடைந்த கொப்புளத்தோடு அதையே காலையும் மாலையும் செய்துவிட்டு வந்திருந்தான்.

அந்த வியாழக்கிழமை மாலைப் பயிற்சியில் அவன் பந்துகள் எல்லாம் வலையில் போய் விழுந்தன.

"இன்னா தம்பி, ராக்கெட்ட பிடிக்கிறியா, பாம்ப பிடிக்கிறியா?" என்றார் மார்க்கர்.

அவன் சிரித்துக்கொண்டே கையைப் பின்னால் கொண்டுபோனான். மார்க்கர் வலையைச் சுற்றி வந்து அந்தக் கையைப் பிடித்து விரித்தார். கட்டைவிரல் அடியில் கரித்துண்டு ஒட்டியதுபோல் ஒரு கறுப்புப் பொருக்கு. சுற்றிலும் முழங்கை வரை வீக்கம்.

"வலிக்கவே இல்ல பாய். காஞ்சிட்சி. பட்டத் தண்ணி வேல செஞ்சிருக்கு."

"கைய பதம் போட்டுட்டான் சார்," என்றான் அணித் தலைவன். "அறுத்து செருப்பு தைக்கலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். மார்க்கர் சிரிக்கவில்லை.

"வலிச்சா பரவால்ல. வலிக்கல பாருங்க சார், அதான் பேஜாரு. தோல் மண்டில பாத்திருக்கேன். இட்டுனு போங்க."

ஜட்கா வண்டி வைத்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் புண்ணைத் தொடவில்லை. "தோல் கிடங்குப் பக்கம் போனியா?" என்று மட்டும் கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, "மாட்டுக்கு வர்ற அடைப்பான் இது. செத்த மாட்டுத் தோலோட வரும். ஊசி போடறோம். இவங்க அப்பாவுக்குத் தகவல் சொல்லணுமே," என்றார்.

"வேணாம் சார்," என்றான் அவன். "வந்தா இட்டுனு போய்டுவாரு. சனிக்கிழம ஆடிட்டு வந்து நானே சொல்லிக்கிறேன்."

"சனிக்கிழமை நீ எங்கயும் போகல. அப்பாவுக்குக் காலையில பார்த்துட்டுச் சொல்லலாம்," என்றார் டாக்டர்.

வெளித் தாழ்வாரத்தில் மற்ற நால்வரும் நின்றிருந்தார்கள். மாற்றாள் ஒரு வக்கீல் வீட்டுப் பையன். "எனக்கு அந்தச் சலுகை வேணாம் சார், அவனுக்கே குடுத்துடுங்க," என்றான். விதிப்படி அது முடியாது, அந்த இடத்தில் ஆடுகிறவனுக்குத்தான் என்றேன்.

"யாருமே போவலன்னா?" என்றான் அணித் தலைவன்.

யோசித்துப் பார்த்தேன். அணியே போகவில்லை என்றால் இடம் மாறாது; தேர்வான நால்வர் பெயரும் சலுகையும் ஆண்டு முடியும்வரை நிற்கும். அதைச் சொன்னேன். அணித் தலைவனுக்கு அது கடைசி ஆண்டு. மூன்று வருஷமாக அந்த ஒரு போட்டிக்குத்தான் பழகிக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரித் தோட்டத்தைப் பார்த்தபடியே சொன்னான்:

"அப்போ வர்லன்னு தந்தி குடுத்துடுங்க சார். பந்துங்க வேற சரியில்ல."

போகும் வழியில் பிரின்சிபாலிடம் சொன்னேன். அணி ஏன் போகவில்லை என்று தான் கேட்கப்போவதில்லை என்றார். வீட்டுக்கு வந்து சென்னைக்கான தந்தி வாசகத்தை எழுதி வைத்தேன்.

மறுநாள் குளிக்கப் போகுமுன் ஆஸ்பத்திரி ஆள் வாசலில் வந்து நின்றான். வீக்கம் கழுத்துக்கு ஏறிவிட்டதாம். அப்பாவை உடனே வரவழைக்கும்படி டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அப்படியே சட்டையை மாட்டிக்கொண்டு தபால் ஆபீசுக்கு நடந்தேன். கதவு திறந்ததும் முதலில் ஆம்பூருக்குத் தந்தி கொடுத்தேன்.