வெங்காயத் தராசு

கடைசியாக நிறுத்த அன்று தராசடியில் நின்றவர்களைச் சொல்கிறேன். என் புருசன். நான். கனடாவிலிருந்து வந்திருந்த அவருடைய தங்கச்சி. எங்களை ஏற்றி வந்த ஓட்டோக்காரர். தராசுக்காரர். மூட்டைகளோடு முறைக்குக் காத்து நின்ற தோட்டக்காரர் இரண்டு பேர். வேறு ஒருவரும் இல்லை.

மனிசனை ஏன் வெங்காயத் தராசில் ஏற்றினீர்கள் என்று கேட்பீர்கள். கிளினிக்கில் இருக்கிற தராசு நூற்றைம்பது கிலோவோடு சரி. முதல் நாள் அவர் ஏறினார். முள் கடைசி மட்டும் ஓடி மோதி நின்றது. நேர்ஸ் பிள்ளை கொப்பியில் எண் எழுதவில்லை. ஒரு கோடு போட்டது.

டொக்டர் என்னைப் பார்த்துத்தான் கதைத்தார்.

“நித்திரையிலை மூச்சு நிண்டு நிண்டு வருது. இருதயம் களைச்சுப் போச்சு. ஈரல் முழுக்கக் கொழுப்பு. வயித்தைச் சின்னனாக்கிற ஒப்பரேசன் இருக்கு. ஆனால் உந்த நிறையோடை மயக்க மருந்து குடுக்க ஏலாது. நாலைஞ்சு மாதத்திலை எங்கடை தராசு காட்டுற அளவுக்கு இறக்கிக் கொண்டு வாங்கோ. கொழும்புக்குத் துண்டு எழுதித் தாறன்.”

“இறங்காட்டி?”

“ஒரு நாளைக்கு நிண்ட மூச்சுத் திரும்பி வராது, அம்மா.”

புருசன் வெளியே வந்து, “எங்கடை வெங்காயத் தராசு இருக்குத்தானே” என்றார். இருபது வருசம் வெங்காயம் கொண்டுபோய் இறக்கிய இடம். அந்தத் தராசில் மூட்டைக்கு ஐந்து கிலோ கழிவு பிடிப்பார்கள். தோல், மண், அழுகல் என்று காரணம் சொல்வார்கள். அழுகல் இல்லாத மூட்டைக்கும் பிடிப்பார்கள். நிறுத்ததைச் சந்தை முழுக்கக் கேட்கக் கூவுவார் தராசுக்காரர்.

முதல் தரம் ஏறியபோது அவரையும் கூவினார்.

“நூற்று அறுபத்தெட்டு! கழிவு போக நூற்று அறுபத்துமூண்டு!”

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நான் வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவரை அப்படிப் பெருக்க வைத்ததில் எனக்கும் பங்கு உண்டு. சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, என்று தெரிந்த நாளே ஊர் முழுக்க ஒரே கதை. குரக்கன் குடு, குரக்கன் சீனிக்கு நல்லது. குடுத்தேன். காலையும் இரவும் குரக்கன் புட்டு. குரக்கன் என்றால் கேழ்வரகு. அவருக்கு மட்டும் ஓலை நீத்துப்பெட்டியில் இரண்டு பெட்டிப் புட்டு அவிப்பேன். மருந்து கூடினால் வருத்தம் கெதியாய் மாறும் என்று நினைத்தேன். நேர்ஸ் பிள்ளைக்கு அதைச் சொன்னேன். அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை.

“அம்மா, குரக்கனும் மாதான். மருந்தில்லை.”

ஏழு வருசம் அவித்திருக்கிறேன்.

அன்றிலிருந்து அளவு. ஒரு சின்னக் கோப்பை சோறு. இலைக்கறி, மீன், அவித்த முட்டை. தேங்காய்ப்பூ இல்லை. பின்னேரத் தேத்தண்ணியோடு கடிக்க ஒன்றும் இல்லை. அவர் கோபித்தார். கோப்பையைத் தள்ளினார். நான் திரும்ப எடுத்து வைத்தேன். விடிய மதகடி மட்டும் நடை. முதல் கிழமை மூன்று இடத்தில் இருந்து ஆறினார். பிறகு ஒரு இடத்தில். காலில் ஆறாமல் கிடந்த புண் காய்ந்தது. குனிந்து தன் செருப்பைத் தானே போட்டார். அதைப் பார்த்துவிட்டு நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

மாதம் ஒருக்கால் தராசு. பகிடிக் கழிவை விட்டுச் சொல்கிறேன். நூற்று அறுபத்துமூன்று. நூற்று ஐம்பத்தொன்பது. நூற்று ஐம்பத்தைந்து. நான்காம் மாதம் நூற்று ஐம்பத்திரண்டு. கிளினிக்குக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. இரண்டு கிலோதான்.

அப்போதுதான் தங்கச்சி வந்தார். படலையில் நின்றே கத்தினார்.

“ஐயோ அண்ணை! என்ன உப்பிடி உருக்குலைஞ்சு போனியள்?”

நூற்று ஐம்பத்திரண்டு கிலோ ஆளைப் பார்த்து.

எங்கள் ஊரில் மெலிந்தவன் என்றால் வருத்தக்காரன். வருத்தம் இல்லை என்றால் வீட்டுக்காரி சரியில்லை. தங்கச்சி வந்ததும் சொந்தக்காரர் வீடுகளில் விருந்து. ஒரு வீட்டில் கை நனைத்து மற்ற வீட்டில் நனைக்காமல் விட்டால் வருசக் கணக்கில் கதை கேட்க வேண்டும். அவர் போனார். நான் பின்னால் போய் அவருடைய கோப்பையில் கண் வைத்தேன். “கொஞ்சம் போதும்” என்று சொல்லிச் சொல்லி என் வாய் களைத்தது. அவரும் முதலில் போதும் என்றுதான் சொன்னார்.

இரண்டாம் கிழமை எங்கள் வீட்டில் விருந்து. ஆட்டிறைச்சி, கத்தரிக்காய்ப் பால்கறி, பொரியல், பாயாசம். பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். நான் அவருக்கு அதே சின்னக் கோப்பையை வைத்தேன். தங்கச்சி அதைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார்.

“பாருங்கோ, எங்கடை அண்ணைக்கு அண்ணி வச்சிருக்கிற அளவு. பூனைக்கும் இதைவிடக் கூட வைப்பினம். காசோ இல்லை? நான் அனுப்பிறன்தானே, அண்ணி.”

ஒருத்தர் சிரித்தார். பிறகு எல்லோரும். “பட்டினி போட்டுத்தான் மனிசனை அடக்கி வச்சிருக்கிறாள்” என்று பின்னுக்கிருந்து ஒரு குரல். டொக்டர் சொன்னதைச் சொல்லியிருக்கலாம். மூச்சு நிற்கிறதைச் சொல்லியிருக்கலாம். நான் கதைக்கிற ஆள் இல்லை.

தலைவாழை இலை ஒன்றை எடுத்து விரித்தேன். சட்டியோடு சோற்றைக் கொண்டுவந்தேன். நானே போட்டேன். இறைச்சியும் போட்டேன். அவர் ஒருக்கால் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“இஞ்சாரும், காணும்.”

“சாப்பிடுங்கோ,” என்றேன்.

மூன்று தரம் போட்டேன். தங்கச்சிக்குச் சந்தோசம்.

அதற்குப் பிறகு அளவு போய்விட்டது. வேலி ஒரு இடத்தில் பிரிந்தால் மாடு வேறு இடம் தேடாது. காலை நடைக்கு எழுப்பினால், “நாளைக்கு” என்றார். நானும் நாலு நாளுக்குப் பிறகு எழுப்பவில்லை. தங்கச்சி கொண்டுவந்த சொக்லேட் தலையணைக்குக் கீழே கிடந்தது. எடுத்து எறியவில்லை. கோபம் அவரோடு இல்லை. ஆனால் அவர் மேலேதான் விழுந்தது.

கிளினிக் நாள் வந்தது. போகிற வழியில் தராசடியில் ஓட்டோவை நிறுத்தச் சொன்னேன். தங்கச்சி தானும் பார்க்க வேண்டும் என்று இறங்கினார். அவர் தராசில் ஏற, ஓட்டோக்காரர் தோள் கொடுத்தார். போன மாதம் தானாக ஏறியவர். ஏறி நின்று வாயால் மூச்சு வாங்கினார்.

“கழிவைப் பிடிச்சுச் சொல்லுங்கோ அண்ணை,” என்று தங்கச்சி தராசுக்காரரைப் பார்த்துச் சிரித்தார்.

தராசுக்காரர் எண்ணைப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த கிளினிக் கொப்பியைப் பார்த்தார். மாதாமாதம் கூவியவர் அன்று கூவவில்லை. எனக்குக் கிட்ட வந்து, எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார். கழிவு பிடிக்கவில்லை.

நூற்று அறுபது.