சூட்டிக்குப் போட்ட எல்லை

கனகராயன்குளத்தில் ராஜினியின் வீட்டு வளவுக்குப் பின்னால் சின்னராசாவின் கச்சான் கடலைத் தோட்டம் இருக்கிறது. அதற்கு அப்பால் காடு. காட்டுப்பன்றிகள் கச்சானைக் கிண்டாமலிருக்கத் தோட்டத்தைச் சுற்றி முழங்கால் உயரத்தில் வெறுங்கம்பி கட்டி, பொழுதுபட்டதும் அதற்கு வீட்டுக் கரண்டைக் கொடுத்துவிடுவார் சின்னராசா. அது சட்டப்படி குற்றம் என்று ஊருக்கே தெரியும். ராஜினியின் முதல் நாய் அந்தக் கம்பியில்தான் செத்தது.

அன்று அவள் வாய் திறக்கவில்லை. கணவர் கட்டாரில். வீட்டில் தனியே இருந்து பள்ளிச் சீருடை தைக்கிறவள். அவசரத்துக்கு ஓடிப்போகக் கூடிய ஒரே வீடு சின்னராசாவுடையது.

அடுத்ததாக வந்த குட்டிதான் சூட்டி. அதுவும் பன்றி வாடை பட்டால் பாயும். கனடாவிலிருந்த தம்பி சுஜிதன் ஒரு பெட்டி அனுப்பினான். அதை வீட்டுக் கரண்டில் செருகி, அதிலிருந்து வளவைச் சுற்றி மண்ணுக்குள் வயர் புதைக்க வேண்டும். கூட வந்த கழுத்துப்பட்டியைப் போட்ட நாய் வயரை நெருங்கினால் முதலில் பட்டியில் 'பீப்' என்று சத்தம் வரும். அதையும் தாண்டினால் கழுத்தில் சின்ன அதிர்ச்சி.

"பாவமடா," என்றாள் ராஜினி போனில்.

"செத்தால் பாவமில்லையோ அக்கா? சத்தம் கேட்ட உடனை திரும்பப் பழக்குங்கோ. பிறகு அடி விழாது."

அவள் முதலில் பட்டியைத் தன் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். சுரீரென்றது. சீருடை தைத்து மிஞ்சிய வெள்ளைத் துணித் துண்டுகளைக் கம்புகளில் கொடிகளாகக் கட்டி வயர் நெடுக ஊன்றினாள். கயிற்றில் பிடித்தபடி சூட்டியைக் கொடிவரை கொண்டுபோவாள். பீப் கேட்டதும் கயிற்றை இழுத்துத் திருப்பி, கருவாட்டுத் துண்டு கொடுப்பாள். ஒருநாள் அது அடி வாங்கிக் கத்தியபடி கட்டிலுக்குக் கீழே போய் ஒளிந்தது. அன்று இருவருமே சாப்பிடவில்லை. ஆனால் மாரி தொடங்குமுன் கயிறு தேவைப்படவில்லை. கொடிகளையும் பிடுங்கிவிட்டாள்.

இருளத் தொடங்கிய ஒரு மைம்மல் பொழுதில் கரண்ட் நின்றது. வேலிப் பக்கம் பன்றிகள் உறுமின. சூட்டி பாய்ந்தது. வயர் கிடந்த இடத்தில் பீப் சத்தம் வரவில்லை. பெட்டியும் செத்துக் கிடந்தது. நாய் கச்சானுக்குள் புகுந்துவிட்டது.

"சூட்டி! வாடா!"

ராஜினி பின்னால் ஓடினாள். சின்னராசா சுவிச்சைப் போட்டு வைத்திருப்பார். கரண்ட் எந்த நொடியிலும் வரலாம். கம்பிக்கு இரண்டு முழத்துக்கு முன்னால் நின்று தொண்டை கிழியக் கூப்பிட்டாள். பன்றிக்குப் பின்னால் போகிற நாய் எங்கே கேட்கும்? சட்டென்று உதட்டைக் குவித்து, அந்தப் பட்டியின் சத்தத்தைப் போலவே கூர்மையாக ஊதினாள். மறுபடி ஊதினாள்.

இருட்டுக்குள் சூட்டி நின்றது. திரும்பியது. கம்பிக்கு மேலால் பாய்ந்து அவள் மேல் விழுந்தது. அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பின்னால் சாய்ந்தபோது, ஊர் முழுக்க வெளிச்சம் வந்தது.

சத்தம் கேட்டுச் சின்னராசா ரோச் லைட்டோடு வந்தார். கம்பியையும் அவள் காலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பிள்ளை, நீ... இதுக்குள்ளை ஏன் வந்தனீ?"

"முதல் நாய் சாகேக்கை நான் ஒண்டும் கதைக்கேல்லை அண்ணை. இப்ப சொல்லுறன். நாளைக்கு விடிய இந்தக் கம்பி இருந்தால் நான் பொலிசுக்குப் போவன்."

"அப்ப என்ரை கச்சான்?"

"பன்றி தின்னட்டும். ஆக்கள் சாகாமல் இருந்தால் காணும்."

அவர் போய்ச் சுவிச்சை நிறுத்தினார். விடிந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு கம்பியைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அந்தப் போகம் பன்றிகள் பாதியை அழித்தன. அவர் இன்றுவரை ராஜினியோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. வேலியில் அவரைக் காணும்போது அவள் தலையைக் குனிந்துகொண்டு போவாள். ஆனாலும் சொன்னதை நினைத்து அவள் ஒருநாளும் வருந்தியதில்லை.