ஆவி படிந்த கண்ணாடியில் நாத்தனார்

தொண்ணூறுகளில் எங்களிடம் ஏசி இல்லாத ஒரு சின்னக் கார் இருந்தது. மார்கழியில் ஒரு மழைச் சாயங்காலம் நானும் கணவரும் நாத்தனாரும் அடையாறிலிருந்து மயிலாப்பூருக்குக் கச்சேரி கேட்கக் கிளம்பினோம். புது சீட் கவர் நனைந்துவிடுமாம், ஜன்னலைத் திறக்கவே கூடாது என்றார் கணவர். அபிராமபுரம் வருவதற்குள் கண்ணாடியெல்லாம் ஆவி மூடிவிட்டது.

"ரெண்டு பேரும் பேசாம வாங்கோ. மூச்சுக்காத்துதான் கண்ணாடில படியறது" என்றார்.

எனக்குக் கொண்டாட்டம். பின்சீட்டிலிருந்து நாத்தனார் என் சமையலைப் பற்றி வாயைத் திறந்தபோதெல்லாம் "கண்ணாடி, கண்ணாடி!" என்று அடக்கினேன். அவள் சளைத்தவளா? பக்கத்து ஜன்னலில் விரலால் எழுதிவிட்டாள்: "சாம்பார்ல உப்பு ஜாஸ்தி."

கடைசியில் வழி தெரியாமல் போகவே, கணவர் ஜன்னலைக் கொஞ்சம் இறக்கினார். காற்று புகுந்ததும் ஆவி விலகியது, எழுத்தும் மறைந்தது. ஒழிந்தது என்றிருந்தேன்.

அடுத்த மழையில் நாங்கள் இருவர் மட்டும்தான் போனோம். கண்ணாடி மறுபடி மூடியது. அவள் விரல் பிசுக்கு போகவில்லை போலிருக்கிறது. அதே உப்பு, அதே இடத்தில், பளிச்சென்று எழுந்து வந்தது.

கணவர் திரும்பிப் பார்த்து, நிதானமாக வாசித்துவிட்டு, "வாஸ்தவம்தான்" என்றார்.

"கண்ணாடி!" என்று ஓர் அதட்டல் போட்டேன்.